சியோலில் கறி சுடும் தெருக்கள்

சியோலுக்கு முதல் முறை வருகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் வழியிலேயே கேட்டுவிடுவார்கள்: "சார், நல்ல கொரியன் பார்பிக்யூ எங்கே கிடைக்கும்?" ஒரு கடையின் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ளலாம். நான் அப்படிச் செய்வதில்லை. பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். யார் யார் சாப்பிட வருகிறீர்கள்? மாடா, பன்றியா, இரண்டுமே ஆகாதா? சாப்பிட்டுக்கொண்டே பேச வேண்டிய காரியம் ஏதாவது இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் எந்தத் தெருவுக்குப் போகலாம் என்று சொல்வேன்.

நான் தமிழ்–கொரிய மொழிபெயர்ப்பாளன். 1996-இல் ஹூண்டாய் இந்தியாவுக்கு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்து 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தபோது, உதிரிபாகக் கம்பெனிகளும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்து சேர்ந்தன. கொரியாவிலிருந்து அதிகாரிகள் சென்னைக்கு வந்தார்கள். சென்னையிலிருந்து பொறியாளர்களும் பட்டறை முதலாளிகளும் கொரியாவுக்குப் போனார்கள். நடுவில் நின்று பேச ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன்; பிறகு சியோலிலேயே தங்கிவிட்டேன். பகலில் கூட்ட அறையில் விலையும் அளவும் பேசுவார்கள். எதிரில் இருப்பவரை நம்பலாமா என்பதை ராத்திரி கறிக்கடையில்தான் முடிவு செய்வார்கள். ஆகவே யாரை எந்தக் கடைக்கு அழைத்துப் போவது என்பது என் தொழிலில் பாதி.

நான் குடியேறியபோது 1997-இன் பணநெருக்கடி ஊரை விட்டு இன்னும் போகவில்லை. வேலை இழந்தவர்கள் பலர் கையில் கிடைத்த பணத்தைப் போட்டுச் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் திறந்திருந்தார்கள். பன்றிக்கறிக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. இழைப்புளியில் சீவியதுபோல மெல்லிசாக வெட்டிய பன்றி வயிற்றுக்கறியை மலிவாகப் போட்ட கடைகளில் கூட்டம் நெரிந்தது. அந்த நாட்களில் என்னோடு வேலை பார்த்த கொரியப் பெரியவர் ஒருவர்தான் மாப்போவுக்கு அழைத்துப் போய்த் தெருக்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

மாப்போ, ஹான் நதியின் பழைய படகுத்துறை. உப்பும் உப்பிட்ட மீனும் இறாலும் அங்கேதான் வந்திறங்கின. சுமை இறக்கியவர்களும் மர அறுவைப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களும் சாயங்காலம் பன்றிக்கறியும் சோஜு மதுவுமாக உட்கார்ந்ததிலிருந்துதான் இந்தத் தெரு வளர்ந்தது என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். கோங்டொக் சந்தையைச் சுற்றி இன்றும் அந்தக் கடைகள் இருக்கின்றன. நடுவில் தணல் வைத்த வட்டமான தகர மேசை. சோயா சாறும் பூண்டும் சர்க்கரையும் ஊறிய பன்றி விலாக்கறி, அதாவது தெஜி கல்பி. அந்தக் கறிக்கு அந்த மேசையும் அந்தப் புகையும்தான் பொருத்தம்.

மாப்போவில் கற்றது மற்ற இடங்களிலும் பொருந்தியது. சியோலில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கறி உண்டு. அந்தக் கறி அங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணமும் உண்டு. நகரின் கிழக்கே மஜாங்-டொங்கில் 1960களிலிருந்து மாட்டுச் சந்தையும் அறுப்புக் கூடமும் இருந்தன. அறுப்புக் கூடத்திலிருந்து குடலும் ஈரலும் அன்றன்றே கிடைத்ததால்தான் பக்கத்து வாங்சிம்னியில் குடல் சுடும் கடைகள் வரிசையாக வந்தன. 1998-இல் அறுப்புக் கூடம் மூடப்பட்டது. இறைச்சிச் சந்தை மட்டும் அப்படியே நின்றது; வாங்சிம்னியின் குடல் கடைகளும் நின்றன. ஜோங்னோ 3-கா ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளில் பன்றியின் உதரவிதானக் கறி. அதன் பெயர் கல்மெகிசல். ஒரு பன்றியில் கொஞ்சம்தான் தேறும். மாட்டுக்கறி போலச் சிவந்து, கடித்தால் நன்றாக மெல்லக் கொடுக்கும். குன்குக் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஆட்டுக்கறி. சீனாவின் யான்பியன் பகுதியிலிருந்து வந்த கொரிய வம்சாவளி மக்கள் சீரகமும் மிளகாய்த்தூளும் தூவிக் கம்பியில் குத்திச் சுடும் ஆட்டுக்கறியை அங்கே கொண்டுவந்தார்கள்.

அந்த ஆட்டுக்கறித் தெரு என் தொழிலுக்குப் பெரிய துணை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களில் மாட்டுக்கறி தொடாதவர்கள் பலர். பன்றி தொடாதவர்கள் பலர். இரண்டும் தொடாதவர்களும் உண்டு. விருந்து கொடுக்கும் கொரியருக்கு மாட்டுக்கறிதான் மரியாதை. ஹான்வூ என்னும் நாட்டு மாட்டின் கறியை விருந்தாளிக்குப் போடாமல் வேறெதையாவது போடுவது அவருக்குக் கஞ்சத்தனமாகத் தோன்றும். ஆகவே விருந்தாளி விமானம் ஏறும் முன்பே இரண்டு பக்கமும் பேசிவிடுவேன். "அண்ணே, நீங்க என்ன சாப்பிடுவீங்க, என்ன சாப்பிடமாட்டீங்க, இப்பவே சொல்லிடுங்க. அங்கே மேசையில உட்கார்ந்து சொன்னா அவங்க மனசு கஷ்டப்படும்" என்று ஊர்க்காரர்களிடம் சொல்வேன். கொரியரிடம், இது வீட்டு வழக்கம், விருந்தை மறுப்பதல்ல என்று விளக்குவேன். சொன்னால் புரிந்துகொள்வார்கள். அதன் பிறகு அவர்களே ஆட்டுக்கறிக் கடையோ தணலில் கோழி சுடும் கடையோ தேடிப்பிடிப்பார்கள். இஸ்லாமிய நண்பர்களை இதெவோனுக்கு அழைத்துப் போவேன். 1976-இல் திறந்த சியோல் மத்தியப் பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் ஹலால் கறி விற்கும் கடைகளும் சமைக்கும் உணவகங்களும் இருக்கின்றன.

சைவர்களைக் கறிக்கடைக்கு அழைத்துப் போகக்கூடாது. சுற்றிலும் இலையும் காளானும் பூண்டும் இருக்கிறதே, அதைச் சுட்டுக் கொடுக்கலாமே என்று விருந்து கொடுப்பவர்கள் நினைப்பார்கள். அந்தத் தட்டில் ஏற்கனவே கொழுப்பு உருகி ஓடியிருக்கும். கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ந்திருக்கும். புளித்த சோயா விழுதில் கொதிக்கும் தெஞ்ஜாங் குழம்புக்கு அடிச்சாறே பெரும்பாலும் நெத்திலிக் கருவாடுதான். சைவர்களுக்கென்று ஜோக்யே பௌத்த சங்கம் நடத்தும் பல்வு கோங்யாங் என்ற உணவகம் ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே இருக்கிறது. பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத கோயில் சமையல். அங்கே உட்கார்ந்த சைவ விருந்தாளி நிம்மதியாகச் சாப்பிடுவார். நிம்மதியாகச் சாப்பிட்டவர் நன்றாகப் பேசுவார்.

கடையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாப்போவில் கடை வைத்திருந்த ஓர் அம்மா. கறிக்கடை அம்மாக்களை வாடிக்கையாளர்கள் 'இமோ' என்றுதான் கூப்பிடுவார்கள்; சித்தி என்பதுபோல உரிமையான அழைப்பு. "பெயர்ப்பலகையைப் பார்க்காதே, பின்பக்கம் போய் அடுப்பைப் பார்" என்றார் அவர். அன்றிலிருந்து அந்தி சாயும் முன்பே கடையின் பின்பக்கச் சந்துக்குப் போய்விடுவேன். நல்ல கடையில் தணல் மூட்டுவதற்கென்றே ஓர் ஆள் நிற்பார். மேசைக்கு வரும்போது கரியில் கறுப்பு இருக்கக்கூடாது. மேலே சாம்பல் பூத்து உள்ளே சிவந்திருக்க வேண்டும்.

கரியிலும் வகை உண்டு. கருவாலி மரத்தைச் சூளையில் எரித்தெடுத்த கரிக்கு 'சம்சுட்' என்று பெயர். புகை குறைவு, சூடு சீராக நிற்கும். மரத்தூளை அழுத்தி நடுவில் ஓட்டை போட்ட அச்சுக்கரியும் உண்டு. விலை மலிவு, சட்டென்று பற்றும். அப்படிப் பற்றுவதற்காக அதில் ரசாயனம் சேர்ப்பார்கள். அதன் வாடை முதல் சில நிமிடங்கள் கறியில் ஏறும். மசாலா ஊறிய விலாக்கறியைவிட, ஒன்றும் தடவாத மாட்டுக்கறியில் அந்த வாடை நன்றாகத் தெரியும். ஆகவே ஊறவைக்காத ஹான்வூ சாப்பிடுவதென்றால் மரக்கரிக் கடைக்குத்தான் போவேன். பன்றி வயிற்றுக்கறிக்கு, அதாவது சம்க்யோப்சலுக்கு, தணல் கட்டாயமில்லை. கொழுப்பு சொட்டித் தீ எழும்பிக் கறி கருகுவதைவிட, கனமான வார்ப்பிரும்புத் தட்டில் தன் கொழுப்பிலேயே பொரிவது நல்லது. அந்தத் தட்டின் ஓரத்தில் கிம்ச்சியையும் முளைகட்டிய பயறையும் போட்டு வதக்கலாம்.

அடுத்துப் பார்ப்பது தட்டு மாற்றும் பழக்கம். சர்க்கரை ஊறிய கல்பி தீயில் சீக்கிரம் கருகும். கருகல் ஒட்டிய கம்பியில் அடுத்த துண்டை வைத்தால் கசக்கும். நாம் கேட்கும் முன்பே கம்பியை எடுத்துக்கொண்டு வேறு வைக்கும் கடையில் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று பொருள். மூன்றாவது, பட்டியலின் நீளம். பன்றி, மாடு, கோழி, கடல் உணவு என்று எல்லாம் எழுதிய கடையில் நான் உட்காருவதில்லை. ஒரே கறியில் இரண்டு மூன்று வெட்டு மட்டும் வைத்திருக்கும் கடையில் கறி தேங்காது.

இடுக்கி யார் கையில் இருக்கிறது என்பதும் என் தொழிலில் முக்கியம். கொரிய அலுவலக விருந்தில் மேசையில் வயதில் இளையவர்தான் கறியைத் திருப்பி, கத்திரிக்கோலால் வெட்டி, வெந்த துண்டுகளைப் பெரியவர் பக்கம் தள்ளி வைப்பார். மொழிபெயர்ப்பாளன் கையில் இடுக்கி வந்துவிட்டால் பேச்சு அறுந்துவிடும். ஒப்பந்தம் பேச வேண்டிய ராத்திரியில் கடை ஆட்களே நின்று சுட்டுக்கொடுக்கும் கடையைத்தான் பிடிப்பேன். என் காதும் வாயும் பேச்சுக்கு மட்டும் இருக்கும். கையெழுத்தான பிறகு வரும் ராத்திரிக்கு நேர்மாறான கடை வேண்டும். தாங்களே சுட்டுச் சாப்பிடும் மேசையில் கொரிய மேலாளர் துண்டு வெட்டுவார், தமிழ்ப் பொறியாளர் திருப்பிப் போடுவார். லெட்டூஸ் இலையும் கெந்நிப் இலையும் அடுக்கி, கறியும் பூண்டும் சம்ஜாங் விழுதும் வைத்து மடித்து ஒரே வாயில் போட்டுக்கொள்ள மேலாளர் சொல்லிக்கொடுப்பார். அந்த நேரத்தில் நான் பேசாமலிருந்தாலும் இருவருக்கும் எல்லாம் புரியும்.

மஜாங்-டொங் சந்தையைத் தனியாகச் சொல்ல வேண்டும், கறியை அறிய அதைவிட நல்ல இடம் நகரில் இல்லை. இறைச்சிக் கடையில் நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுகளைப் பார்த்து, எடை போட்டு வாங்க வேண்டும். பிறகு மாடியிலோ பக்கத்திலோ உள்ள சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுபோனால், தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தணலும் இலையும் தொடுகறிகளும் தருவார்கள். தொழிலதிபர்களை அங்கே அழைத்துப் போக எனக்குப் பிடிக்கும். உற்பத்தி செய்கிறவர்களுக்கு ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது, எப்படித் தரம் பிரிக்கிறார்கள் என்று பார்ப்பதில் ஆர்வம் அதிகம். மாட்டுக்கறித் தரம் 1++, 1+, 1, 2, 3 என்று போகும். முக்கியமாகத் தசைக்குள் கொழுப்பு எவ்வளவு நூல்நூலாக ஓடியிருக்கிறது என்பதை வைத்துத்தான் உயர்ந்த தரம். 1++ என்பது 2004-இல் சேர்த்த தரம். ஆனால் உயர்ந்த தரம் எல்லாருக்கும் உயர்ந்த ருசி அல்ல. நம் ஊர் ஆட்டுக்கறிக்குப் பழகிய நாக்குக்கு 1++ கறி நாலைந்து துண்டிலேயே திகட்டிவிடும். மாட்டுக்கறி சாப்பிடும் தமிழ் விருந்தாளிகளுக்கு நான் 1 அல்லது 1+ தரத்தில், மெல்ல வேண்டிய வெட்டாகப் பார்த்து வாங்குவேன். வயிறு நிறையச் சாப்பிடுவார்கள்; செலவும் குறையும்.

இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய மாற்றம், கறிக்குப் பிறப்புச் சான்று வந்தது. 2003 கடைசியில் மாட்டுப் பைத்திய நோயால் அமெரிக்க மாட்டுக்கறிக்குத் தடை வந்தது. 2008-இல் அதைத் திரும்பவும் அனுமதிக்க அரசு ஒப்புக்கொண்டபோது, சியோலின் மையத்தில் மெழுகுவத்தி ஏந்திய மக்கள் ராத்திரி ராத்திரியாகத் திரண்டார்கள். என் விருந்தாளிகளுக்கு வழியை மாற்றி மாற்றிச் சொன்ன கோடைக்காலம் அது. அதன் பலனாக, உணவகத்தில் மாட்டுக்கறி எந்த நாட்டினது என்று எழுதி வைக்க வேண்டும் என்ற விதி சின்னக் கடைகளுக்கும் வந்தது. 2009-இலிருந்து விற்கும் கறியிலும் மாட்டின் 12 இலக்க அடையாள எண் கூடவே வருகிறது. அந்த எண்ணைக் கைப்பேசியில் போட்டால் மாடு பிறந்த தேதியும் வளர்ந்த பண்ணையும் தரமும் தெரியும். அதற்கு முன்பு கடைக்காரரின் முகத்தை நம்பிச் சாப்பிட்டோம். இப்போது சுவரில் எண்ணை எழுதித் தொங்கவிட்டிருக்கும் கடையில் விருந்தாளிக்கு அதைக் காட்டி, நான் உறுதியோடு பேச முடிகிறது.

2013-இலிருந்து 100 கிராமுக்கு எவ்வளவு என்றும் கடைகள் எழுத வேண்டியிருக்கிறது. முன்பு ஓர் ஆள் பங்கு என்றால் 200 கிராம் என்று எல்லாரும் எடுத்துக்கொள்வோம். இன்று பல கடைகளில் ஒரு பங்கு 150 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. பங்கின் விலையைப் பார்த்து மலிவு என்று உட்காரக்கூடாது. கிராமைப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு: பெரும்பாலான கடைகளில் முதல் முறை குறைந்தது இரண்டு பங்கு கேட்க வேண்டும். தனியாக வருபவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுவேன்.

விலை ஏறிய கதையும் கண்முன்னே நடந்ததுதான். 2010 நவம்பரில் ஆன்டோங்கில் தொடங்கிய கோமாரி நோய் நாடு முழுக்கப் பரவி, 2011-க்குள் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். ஏழைகளின் கறி என்று இருந்த சம்க்யோப்சல் அந்த வருஷம் யோசித்துச் சாப்பிடும் பண்டமாகிவிட்டது. இறக்குமதி வயிற்றுக்கறி கடைகளில் நிறைந்தது. நோய் ஓய்ந்தும் பழைய விலை திரும்பவில்லை. 2024 மே மாதம், சியோலில் 200 கிராம் சம்க்யோப்சலின் சராசரி விலை முதல் முறையாக 20,000 வோனைத் தாண்டியது.

2016 செப்டம்பரில் வந்த ஊழல் தடுப்புச் சட்டம் என் வேலையை நேராகத் தொட்டது. முன்னாள் நீதிபதி கிம் யங்-ரானின் பெயரால் அதை அழைப்பார்கள். அரசு அதிகாரி, ஆசிரியர், பத்திரிகையாளர் ஆகியோருக்கு வாங்கித் தரும் சாப்பாடு 30,000 வோனைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. ஹான்வூ கடைகள் அதற்குள் அடங்கும்படி புதுப் பட்டியல் போட்டன. பலர் மாட்டை விட்டுப் பன்றிக்கு மாறினார்கள். 2024-இல் அந்த வரம்பு 50,000 ஆனது. என் அனுபவத்தில் இந்தச் சட்டம் விருந்தைச் சுத்தப்படுத்தியது. யார் எவ்வளவு விலைக் கறி போட்டார் என்ற பேச்சு குறைந்தது. மாப்போ போன்ற தெருக்களுக்கு விருந்தாளிகளைக் கூச்சமின்றி அழைத்துப் போக முடிந்தது.

கடைக்குள் ராத்திரிகளும் மாறின. 2015-இலிருந்து உணவகங்களில் சிகரெட் புகை இல்லை. கொரோனா காலத்தில் கடைகள் ராத்திரி சீக்கிரமே மூடின. ஐந்து பேர் சேர்ந்து உட்காரவும் தடை இருந்தது. 2022 ஏப்ரலில் கட்டுப்பாடு நீங்கியும் நள்ளிரவு வரை இழுக்கும் அலுவலக விருந்துகள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இளையவர்கள் ஒரே கடையில் ஒழுங்காகச் சாப்பிட்டு எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். சம்காக்ஜி, சிந்தாங் பக்கத்துப் புகழ்பெற்ற கடைகளில் வாசலில் இருக்கும் திரையில் எண்ணைப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நேரமுள்ள இளைஞர்களுக்கு அது சரி. இரண்டு நாள் வேலையாக வந்தவரை அங்கே நிறுத்தி வைக்கமாட்டேன்.

இன்று ஒருவர் முதல் முறை வந்தால் என் யோசனை இதுதான். நண்பர்களோடு வந்தவர் பன்றி சாப்பிடுவாரென்றால் கோங்டொக் சந்தைப் பக்கம், சனிக்கிழமை தவிர்த்து. கொஞ்சம் வித்தியாசமான கறி வேண்டுமென்றால் ஜோங்னோ 3-கா சந்துகள். கறியைப் பற்றி அறிய ஆசைப்படுபவருக்கு மஜாங்-டொங், பகலில். வயதான பெற்றோரோடு வந்து மாடு சாப்பிடுபவர்களுக்கு ஜுக்யோ-டொங்கில் 1946-இலிருந்து இருக்கும் வூ ரே ஓக். பியோங்யாங்கிலிருந்து வந்தவர் தொடங்கிய கடை. மெல்லிய புல்கோகிக் கறியும் அதன் பின் குளிர்ந்த சாற்றில் நெங்மியோன் நூடுல்ஸும் பல்லுக்கும் வயிற்றுக்கும் இதம். மாடும் பன்றியும் ஆகாதவர்களுக்குக் குன்குக் தெருவின் ஆட்டுக்கறி.

பழைய தெருக்களுக்கு முதலில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நகரம் இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. 1939-இலிருந்து ஜோங்னோவில் இருந்த ஹனில்குவான், மறுகட்டுமானத்தால் 2008-இல் ஆற்றுக்குத் தெற்கே அப்குஜோங்குக்குப் போனது. சமையல் போனது, ஜோங்னோவில் அதைச் சுற்றியிருந்த சந்து போகவில்லை, அது இடிபட்டது. உல்ஜிரோவின் பட்டறைத் தெருக்களிலும் அதே வேலை நடக்கிறது. பளபளப்பான கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எப்போது வேண்டுமானாலும் ஒரு புதுக் கறிக்கடை திறக்கலாம். படகுத்துறையும் அறுப்புக் கூடமும் பட்டறையும் சேர்ந்து உண்டாக்கிய தெருவை மறுபடி யாராலும் உண்டாக்க முடியாது. ஆகவே என்னிடம் வருகிற ஒவ்வொருவரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன்: புதுக் கடையை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், இந்த முறை மாப்போவுக்கும் மஜாங்-டொங்குக்கும் போய்விட்டு வாருங்கள்.